அரிய நூல் அறைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்காகப் போகிறவர், சொந்த ஊரின் வரலாற்றை எழுத நினைப்பவர், தாத்தா அச்சிட்டதாக வீட்டில் சொல்லும் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் தேடுபவர். இப்படி யாராக இருந்தாலும், ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்குள் முதல் நாள் நுழையும்போது தயக்கம் இருக்கும். யாரைக் கேட்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாது. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைத் தேடி மதுரையில் இப்படிப்பட்ட அறைகளில் சில ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் நான். அந்த அனுபவத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொக்கிஷம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஓலைச்சுவடிதான் என்று நினைத்துப் போகாதீர்கள். பெட்டிக்குள் இருப்பதை ஏற்கெனவே பத்துப் பேர் பார்த்து எழுதிவிட்டார்கள். ஒரு புத்தகத்தின் பின்னட்டை விளம்பரம், முன்பக்கத்தில் நூலைப் புகழ்ந்து பாடிய சாற்றுகவி, ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதிய கணக்கு, ஒரே பைண்டிங்குக்குள் ஒட்டிக்கொண்டு கேட்லாக்கில் ஏறாமலே கிடக்கும் இரண்டாவது புத்தகம், இவைதான் உங்களுக்காகக் காத்திருப்பவை. அவற்றை எடுத்துக் கொடுக்க எந்த அட்டவணையாலும் முடியாது. அட்டை முதல் அட்டை வரை புரட்டுகிறவர் கண்ணில்தான் படும்.

எங்கே போவது

மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் தொடங்கியது. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டினால் பல்கலை நகர். முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் பெயரில்தான் அங்குள்ள நூலகம் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் பலரும் அங்கிருந்து தொடங்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். தமிழ்ச் சங்கம் ரோட்டில் உள்ள மதுரைத் தமிழ்ச் சங்கத்தைப் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவினார். அப்போதே பாண்டியன் புத்தகசாலை என்று ஒரு நூலகமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. அங்கிருந்து வெளிவந்த 'செந்தமிழ்' இதழின் பழைய தொகுதிகளைப் பார்க்காமல் தமிழ்ப் பதிப்பு வரலாறு பற்றி யாரும் எழுதக்கூடாது என்பது என் கருத்து. கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. 1881-இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி அது. அதன் நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்திவிட்டு மதுரைக்கு வந்த மிஷனரி அவர். விடுதலைப் போராட்ட காலம் உங்கள் தலைப்பு என்றால், தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்திலும் நூலகம் உண்டு.

மதுரையில் கிடைக்காத பழைய அச்சுப் புத்தகங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். பெயர்தான் சென்னை. அதன் அடித்தளம் காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேமிப்பு. அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-இல் நூலகமாக்கியது.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் இணையத்தில் தேடிவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்கள் நிறைய ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன. அங்கே இருப்பதைப் பார்க்க பஸ் ஏற வேண்டாம். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தில் நூலின் வாசகம் மட்டும்தான் கிடைக்கும். பழைய பதிப்பின் முகப்பு, முன்னுரை, விளம்பரம் வேண்டுமென்றால் மூல நூலையோ அதன் ஸ்கேனையோதான் பார்க்க வேண்டும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். பல நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில்தான் கேட்லாக்கில் ஏற்றியிருக்கின்றன. அதுவும் நாம் உச்சரிக்கிறபடி அல்ல, தமிழ் எழுத்துக்கு எழுத்து மாற்றி. சிலப்பதிகாரத்தை 'எஸ்' எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. 'சி' எழுத்தில் தொடங்கி, 'டி ஃபார் டாக்' வர வேண்டிய இடத்தில் 'டி ஃபார் டேபிள்' போட்டு, 'ஜி' வர வேண்டிய இடத்தில் 'கே' போட்டால் வந்து நிற்கும். காரணம் எளிது. தமிழில் ககரத்துக்கு ஒரே எழுத்துதான், அதனால் கேட்லாக்கிலும் ஒரே எழுத்துதான். ஆசிரியர் பெயரையும் மூன்று நான்கு விதமாகத் தேடுங்கள். ஊர்ப்பெயரை முன்னால் வைத்து, அதை விட்டுவிட்டு, பிள்ளை, முதலியார், ஐயங்கார் போன்ற பின்னொட்டை முதலில் வைத்து என்று எல்லா வழியிலும். பழைய கேட்லாக்கில் அந்தப் பின்னொட்டின் கீழேயே ஒருவரை அடுக்கியிருப்பார்கள்.

அடுத்தது கடிதம். பல்கலைக்கழக நூலகர் அவர்களுக்கு என்று முகவரியிட்டு, உங்கள் நெறியாளர் அல்லது துறைத்தலைவர் கையெழுத்தும் சீலும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'ஆராய்ச்சிக்காக அரிய நூல்களைப் பார்வையிட அனுமதி வேண்டும்' என்று மட்டும் எழுதினால் கடிதம் மேசையில் கிடக்கும். என்ன தலைப்பு, எந்தக் காலம், எந்தெந்த நூல்கள், எத்தனை நாள், படம் எடுக்க வேண்டுமா என்று ஐந்து வரியில் எழுதுங்கள். நான் முதலில் கொண்டுபோன கடிதம் பொத்தாம் பொதுவாக இருந்ததால் மூன்று நாள் அலைந்தேன். புத்தகப் பெயர்களோடு திருத்தி எழுதிக் கொடுத்த அன்றே அனுமதி கிடைத்தது. எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர்கள், தங்களை அறிந்த ஒரு பேராசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ கடிதம் வாங்கலாம். ஆதார் நகல், இரண்டு போட்டோ, ஐடி கார்டு எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

போவதற்கு முந்தைய நாள் போன் செய்து, அந்தப் பிரிவைக் கவனிப்பவர் வருகிறாரா என்று கேளுங்கள். பீரோ சாவி அவரிடம்தான் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் உள்ளூர் விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

முதல் நாள்

திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சில், சீவி, ஒரு ஸ்கேல், லென்ஸ், வெள்ளைத் தாள்கள் சில எடுத்துக்கொண்டால் போதும். தண்ணீர் பாட்டிலை வெளியே வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய், ஹேண்ட் கிரீம் வேண்டாம். கையுறை போட்டால்தான் மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய தாளுக்கு அது ஆபத்து. துணியுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, இழுத்துக் கிழித்துவிடுவோம். சுத்தமான வெறுங்கைதான் நல்லது. புகைப்படங்களைத் தொட நேர்ந்தால் மட்டும் உறை கேளுங்கள்.

நம்மில் பலருக்கு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் உண்டு. இந்த அறையில் அதை அடியோடு மறந்துவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுத் தாள் வந்தது. அதிலுள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே எரிக்கிறது. அதனால்தான் 1810-இல் அச்சான புத்தகம் வளைந்து கொடுக்கும்போது, 1930-இல் அச்சான நாவல் அப்பளமாக நொறுங்குகிறது. புத்தகத்தை 180 பாகைக்கு விரித்து அழுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் தலையணையோ மடித்த துணியோ வைத்து, பாதி திறந்த நிலையில் படியுங்கள். பக்கத்தின் மேல்மூலையைப் பிடித்து, உள்ளங்கையால் தாங்கிப் புரட்டுங்கள். கிழிசலைக் கண்டால் ஒட்ட முயல வேண்டாம். செல்லோ டேப் ஒட்டிய இடம் பத்து வருஷத்தில் பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரு துண்டுத் தாளில் பக்க எண்ணைக் குறித்து நூலகரிடம் கொடுங்கள்.

அப்புறம், புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும் அட்டெண்டரிடம் நின்று பேசுங்கள். எந்த பீரோவின் கீழ்த்தட்டில் எண் போடாத கட்டு இருக்கிறது, எந்த வள்ளல் வீட்டிலிருந்து எந்த வருஷம் பெட்டி வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் தேடிய பாட்டுப் புத்தகங்களில் பாதிக்கு மேல் கேட்லாக்கில் இல்லை. 'இந்த மாதிரிச் சின்னப் புத்தகமா தேடுறீங்க?' என்று கேட்டு, உள்ளே போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து வைத்த பெரியவரால்தான் என் ஆய்வே உருப்பட்டது.

வரவுப் பதிவேட்டைப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு புத்தகமும் எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது என்று அதில் இருக்கும். ஒரே ஆளிடமிருந்து வந்தவை அடுத்தடுத்த எண்ணில் நிற்கும். அட்டவணையில் தலைப்பு வாரியாகச் சிதறிப்போன ஒரு வீட்டு நூலகம், பதிவேட்டில் அப்படியே முழுசாக உயிரோடு இருக்கிறது.

புத்தகம் கைக்கு வந்த பிறகு

உங்களுக்கு வேண்டிய பக்கத்துக்கு நேரே தாவாதீர்கள். முகப்புப் பக்கத்தை முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். யார் கேட்டுக்கொண்டபடி, யார் பார்வையிட்டு, யாருடைய அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று பழைய முகப்பு ஒரு பெரிய வாக்கியமாகவே ஓடும். அடுத்துச் சாற்றுகவிகள் வரும். நூலைப் புகழ்ந்து நண்பர்கள் பாடியவை என்று யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும், பாடியவரின் ஊர், தொழில், ஆசிரியர் பெயர் இருக்கும். அந்தக் காலத்து மதுரையில் யார் யாரோடு பழகினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. சில நூல்களின் கடைசியில் கையொப்பம் செய்தவர்கள் பட்டியல் இருக்கும். அச்சாகும் முன்பே பணம் கொடுத்து உதவியவர்கள் அவர்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும் இப்படிக் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார்.

தேதி போடாத புத்தகம் கிடைத்தால் மலைக்க வேண்டாம். சில தடயங்கள் உண்டு. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் சொல்லலாம். அந்த மாதம்தான் தசம நாணயம் வந்தது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் 'மதுரை-625 001' என்று ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ணை, லை, னை எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. சில அச்சகங்கள் அதற்குப் பிறகும் பழைய எழுத்தையே வைத்திருந்தன என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

தமிழ் வருஷப் பெயர் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும். என் கையில் ஒரு கும்மிப் புத்தகம் வந்தது. 16 பக்கம், 'பிரபவ வருஷம்' என்று மட்டும் போட்டிருந்தது. பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றில் ஒன்று. விலை 1 அணா, அதனால் 1987 போயிற்று. பின்னட்டை விளம்பரத்தில் மோட்டார் பஸ் வந்ததும் 1867-உம் போயிற்று. விற்பனை முகவரி மதுரைப் புதுமண்டபம். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் மண்டபத்துக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும் தலைமுறை தலைமுறையாக விற்றன. ஒரு விளம்பரம், ஒரு விலை, ஒரு வருஷப் பெயர் மூன்றையும் சேர்த்து 1927 என்று எழுதினேன்.

கனமான பைண்டிங் என்றால் கடைசிப் பக்கம் வரை புரட்டியே ஆக வேண்டும். சிறு நூல்களை ஐந்தாறாகச் சேர்த்துத் தைப்பது அந்நாள் வழக்கம். கேட்லாக்கில் முதல் நூலின் பெயர் மட்டும்தான் ஏறியிருக்கும். இதில் எனக்கு ஆறாத ஒரு வருத்தமும் உண்டு. ஓரிடத்தில் பழைய தொகுதிகளுக்குப் புது பைண்டிங் போடும்போது, அழகாக இருக்க வேண்டும் என்று ஓரங்களைச் சீராக வெட்டிவிட்டார்கள். ஒரு வாசகர் தம் கைப்பட எழுதிய குறிப்புகள் பாதிப் பாதியாக நிற்கின்றன. உங்கள் நூலகத்தில் பைண்டிங் வேலை நடப்பதாகத் தெரிந்தால், ஓரம் வெட்ட வேண்டாம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை பற்றித் தேடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில: ஜே.எச். நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை நாட்டு மானுவல், டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த மாவட்டக் கெசட்டியர், அமெரிக்கன் மிஷனின் ஆண்டறிக்கைகள். சௌராஷ்டிர எழுத்தில் அச்சான நூல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மதுரையில் தொ.மு. இராமராய் அந்த எழுத்துக்கு அச்சு வார்த்துப் பாடநூல்கள் போட்டார். தமிழ் ஆய்வாளர்களில் அதைப் புரட்டுகிறவர்கள் மிகக் குறைவு.

ஓலைச்சுவடி வந்தால்

கட்டை நீங்களே அவிழ்க்காதீர்கள், நூலகர் அவிழ்ப்பார். கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டால் திரும்பக் கட்ட உதவும். மேலும் கீழும் மரச்சட்டம் இருக்கும். ஏடுகளை விசிறி போல விரிக்காமல், கயிற்றோடு ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசம் அடித்தால் அந்தச் சுவடியை யாரோ பராமரிக்கிறார்கள் என்று அர்த்தம். இடது ஓரத்தில் ௧, ௨, ௩ என்று ஏட்டு எண் இருக்கும். ஓர் ஏட்டுக்கு ஓர் எண், பக்கத்துக்கு ஓர் எண் அல்ல. தமிழ் எண்களைப் போவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். நடுவில் எண் விட்டுப்போயிருந்தால் ஏடு தொலைந்துவிட்டது. அதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடு இல்லை. ஒ, ஓ வேறுபாடும் இல்லை. காலும் ரகரமும் ஒரே மாதிரி. ஒரு கொம்பு, பகரம், ஒரு கால், னகரம் என்று நான்கு குறிகள் வரிசையாக இருக்கின்றன என்று வையுங்கள். அது 'பொன்' ஆகலாம், 'போன' ஆகலாம், காலை ரகரமாகக் கொண்டால் 'பேரன்' என்றும் ஆகலாம். முன்னும் பின்னும் உள்ள சொல்தான் தீர்ப்பு சொல்லும். எழுதியவர் சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருக்க மாட்டார். செய்யுளையும் உரைநடை போலவே ஒரே ஓட்டமாக எழுதியிருப்பார். எனவே முதல் வாரம் உங்களுக்குத் தெரிந்த நூலின் சுவடியைக் கேட்டு வாங்கி, அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நாளைக்கு இரண்டு ஏடு போதும். கண் பழகிவிட்டால் தெரியாத சுவடிக்குப் போகலாம்.

மை மங்கியிருந்தால், கரியோ மஞ்சளோ தடவிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள் வேலை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறலில் நிழல் விழும். பாதி எழுத்து அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசி ஏட்டில் எழுதியவர் பெயர், ஊர், எழுதி முடித்த நாள் இருக்கக்கூடும். தென்மாவட்டச் சுவடிகளில் கொல்லம் ஆண்டு அடிக்கடி வரும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரையிலான நாள் என்றால் 824. உதாரணமாக, 'கொல்லம் 1015, விகாரி வருஷம், தை மாதம்' என்று இருந்தால் 1840-இன் தொடக்கம். விகாரியும் 1839 சித்திரையிலிருந்து 1840 பங்குனி வரை ஓடியது என்பதால் இரண்டும் பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் எங்கோ எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். மறுபடியும் லென்ஸை எடுங்கள்.

படம், குறிப்பு, அனுமதி

பழைய புத்தகத்தை ஸீராக்ஸ் எந்திரத்தில் கவிழ்த்து அமுக்கக் கேட்காதீர்கள். செல்போன் போதும், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் படமாக, அதன் வரவு எண் எழுதிய துண்டுத் தாளை எடுங்கள். அடுத்தது முகப்பு. பிறகுதான் உள்பக்கம். பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை வைத்து ஒரு படமாவது எடுத்தால் அளவு தெரியும். அன்று இரவே படங்களைப் பெயரிட்டு வேறோர் இடத்திலும் சேமித்துவிடுங்கள்.

ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளுக்கும் தடை இல்லை. ஆனாலும் படத்தை அச்சில் போடும் முன் நூலகத்திடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயரையும் போடுங்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியை அந்த நூலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்லாக்கில் இல்லாத நூல்களைக் கண்டிருந்தால், வரவு எண்ணோடு ஒரு பட்டியல் தட்டச்சு செய்து சேர்த்துக் கொடுத்தால், அடுத்து வருகிறவர் உங்களைப் போல அலைய வேண்டியதில்லை.

இப்படி ஒரு மாதம் உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பரண் நினைவுக்கு வரும். ஏறிப் பாருங்கள். ராமபாணப் பூச்சி அரித்த கட்டு கிடைத்தால் வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். போகியில் போட்டவர்களும், ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் நம் முன்னோரிலேயே உண்டு. உங்களால் பாதுகாக்க முடியாது என்றால் நூலகத்துக்குக் கொடுங்கள். வேறு கட்டுகளோடு கலந்துவிடாமல் தனியாக, பழைய கயிறு, உறை, இடையில் கிடக்கும் துண்டுச் சீட்டு எதையும் எடுத்துவிடாமல் கொடுங்கள். எந்த ஊர், எந்த வீடு, யார் வைத்திருந்தது, என்ன வேலை பார்த்தார் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.